விருந்தாளியிடம் எடை கேட்பது

அன்று காலையில் பனி பெய்துகொண்டிருந்ததா, முந்தின நாளே பெய்து ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்களா என்பது இதைச் சொல்கிற எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. குத்புதீனிடம் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். ஒரு முறை பனி என்றான். இன்னொரு முறை கண் கூசும் வெயில் என்றான். 1999ஆம் வருடம், தை மாதம், சனிக்கிழமை. அவ்வளவுதான் நிச்சயம். யார் முதலில் பேசினார்கள், யார் எந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்பதெல்லாம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். எண்கள் மட்டும் சரியானவை. அவை ஒரு தாளில் எழுதப்பட்டிருந்தன. அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன்.

குத்புதீனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கடையநல்லூர்க்காரன். எஞ்சினியரிங் படிக்க டெக்ஸாஸுக்கு வந்து, படிப்பை முடித்துவிட்டு, அந்தப் படிப்புக்குச் சம்பந்தமில்லாமல் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவன். நியூ ஜெர்ஸியில் பார்சிப்பனிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மனைவி சுலைகாவோடு இருந்தான். வேலை சுவாமிநாதனிடம். சுவாமிநாதன் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்து, கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் ஆட்களை அனுப்பும் தொழிலில் மேலே வந்தவர். இரண்டாயிரமாவது வருடம் பிறந்ததும் எல்லாக் கம்ப்யூட்டரும் நின்றுவிடும் என்று நாடே பயந்துகொண்டிருந்த காலம். அவருக்கு ஓய்வே இல்லை. இரண்டு எஞ்சின், எட்டு இருக்கை உள்ள பழைய விமானம் ஒன்றை வாங்கி, குத்புதீனை ஓட்ட வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்வந்தார்.

பெரிய விமானக் கம்பெனிகளில் பைலட்டுக்கும் பயணிக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது என்று குத்புதீன் சொல்வான். கதவு மட்டுமல்ல, வானிலை பார்க்க ஓர் ஆள், எடை போட ஓர் ஆள், வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள். பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று அந்தப் பைலட்டுக்குத் தெரியாது. இங்கே அப்படியில்லை. பின்னால் இருப்பவர் கையை நீட்டினால் தோளைத் தொட்டுவிடலாம். அவர் நேற்று என்ன சாப்பிட்டார், எங்கே யார் அவருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பைலட்டுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லவேண்டிய ஆளும் அவன்தான், அவர் வீட்டில் கை நனைத்தவனும் அவன்தான். இந்தச் சின்ன விமானங்கள் விழுவதற்கு எஞ்சினைவிடப் பிரியம்தான் அதிகக் காரணம் என்று அவன் மனதுக்குள் வைத்திருந்தான். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த எண்ணம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

ஆறு வருடங்களுக்கு முன் அவன் கலிபோர்னியாவில் விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். குபெர்டினோவில் வேலை பார்த்த ஜெயபிரகாஷ் அவனிடம் கற்றவன். ஒத்த வயது, நல்ல சிநேகம். லைசன்ஸ் வாங்கியபின் நண்பர்களை ஏற்றிக்கொண்டு போக ஆசைப்பட்டான். ஏறுகிறவர்களின் எடையைக் கூட்டிக் கணக்குப் போடவேண்டும் என்பது விதி. ஒருநாள் ஜெயபிரகாஷ் தலையைச் சொறிந்தான். "வீட்டுக்கு வர்ற கெஸ்ட் கிட்ட, அதுவும் லேடீஸ் கிட்ட, வெயிட் எவ்ளோன்னு எப்படிப்பா கேக்கறது?"

குத்புதீன் சிரித்துக்கொண்டே சொன்னான், "கேக்காத. ஆளுக்கு நூத்தம்பது பவுண்ட்னு போட்டுக்கோ."

குத்புதீனும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான். மரியாதைக்காக.

அடுத்த ஆகஸ்டில், மலைக்கு மேலே ஒரு சின்ன விமான நிலையத்தில், மதிய வெயிலில், மூன்று நண்பர்களோடும் அவர்கள் மூட்டைகளோடும் ஜெயபிரகாஷ் கிளம்பினான். ஓடுபாதை தீர்ந்தபின்னும் விமானம் மரங்களின் உயரத்தைத் தாண்டவில்லை. மூவர் பிழைத்தார்கள். ஜெயபிரகாஷ் பிழைக்கவில்லை. அவன் மடியிலிருந்து எடுத்த தாளைப் பிற்பாடு குத்புதீனுக்குக் காட்டினார்கள். நூற்றைம்பது, நூற்றைம்பது, நூற்றைம்பது, நூற்றைம்பது. ஒன்றின் கீழ் ஒன்றாக, அழகான கையெழுத்தில்.

ஜெயபிரகாஷின் மனைவி வள்ளியிடம் அந்த எண் யாருடையது என்று அவன் சொல்லவில்லை. துக்கம் கேட்கப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தான். பொய் என்று தெரிந்த எண்ணை வைத்துக்கொண்டு இனிமேல் கிளம்புவதில்லை என்று அன்றைக்குத் தனக்குள் சொல்லிக்கொண்டான். சுவாமிநாதனிடம் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். ஒவ்வொரு முறையும் எடைகளை அவன் தாளில் எழுதுவான், கிளம்புவதற்கு முன் அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். "என்ன குத்பு, பேங்க் லோன் மாதிரி" என்றார் அவர். ஆனாலும் ஒருமுறைகூடப் படிக்காமல் போட்டதில்லை.

எடை பார்க்கும் மெஷின் ஒன்றையும் வாங்கி விமானக் கொட்டகையில் வைத்தான். கம்பெனி ஆட்கள் ஏறி நின்றார்கள். சுவாமிநாதனின் மனைவி ராஜலக்ஷ்மி வந்தபோதுதான் அவனால் முடியவில்லை. முதல் நாளே, "தம்பி, எங்க ஊர்ப் பக்கம் நெல்லு மூட்டையத்தான் நிறுப்பாங்க" என்று சொல்லிவிட்டு, "நூத்தி நாப்பதுன்னு எழுதிக்குங்க" என்று போய் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் ரமலான் மாதம் முழுக்க அவனுக்கும் சுலைகாவுக்கும் நோன்பு திறக்க எதையாவது கொடுத்தனுப்புகிறவர். அவன் பத்து பவுண்ட் தானாகக் கூட்டி நூற்றைம்பது என்று எழுதினான். எழுதும்போது அந்த எண்ணைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேனாவை எடுக்காமல் இருந்தான். பிறகு, இது கூட்டிப் போட்டதுதானே, குறைத்துப் போட்டதில்லையே என்று சமாதானம் செய்துகொண்டான். மூன்று வருடம் அந்தச் சமாதானத்திலேயே ஓடியது.

அந்தச் சனிக்கிழமை பயணம் டெக்ஸாஸில் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டுக்கு. சுவாமிநாதனின் மகள் தென்றல் அங்கே இருந்தாள், அவளுக்கு ஏழாம் மாதம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர் மீனாட்சி கோயிலில் அர்ச்சனை, பிறகு வீட்டில் வளைகாப்பு. சுவாமிநாதன், ராஜலக்ஷ்மி, ராஜலக்ஷ்மியின் தங்கை விசாலாக்ஷி, மூன்றே பேர். சாமான் எவ்வளவு என்று முந்தின நாள் போனில் கேட்டபோது, "சேலையும் வளையலுந்தான் தம்பி, கையில தூக்கிட்டுப் போயிருவேன்" என்றார் ராஜலக்ஷ்மி.

காலை எட்டு மணிக்கு அவன் மாரிஸ்டவுன் விமான நிலையத்துக்கு வந்தபோது சாமான்களை நிலையத்து ஆளை வைத்து ஏற்றி முடித்திருந்தார்கள். அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. விமானத்தைச் சுற்றி வந்தவன் மூக்குச் சக்கரத்துக்கு முன்னால் நின்றான். சக்கரத்துக்கு மேலே வெள்ளியாய்ப் பளபளக்கும் தண்டு, வழக்கத்தைவிட இரண்டு விரல் அதிகமாக வெளியே தெரிந்தது. வால் பக்கம் தாழ்ந்து, மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது.

பின்னால் போய்ச் சாமான் அறையைத் திறந்தான். அரிசி மூட்டை, எண்ணெய் டின், சீர்த் தட்டுகள் கட்டிய பெட்டி. எல்லாவற்றுக்கும் பின்னால், வாலை ஒட்டி, போர்வை சுற்றிய ஒரு பெரிய அட்டைப்பெட்டி. மேலே தமிழில் 'பட்டுச் சேலை' என்று எழுதியிருந்தது. அவன் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

கோயம்புத்தூர் கிரைண்டர். கல்லோடு.

கொட்டகைக்குள் ராஜலக்ஷ்மியும் விசாலாக்ஷியும் கோட்டுக்கு மேல் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். சுவாமிநாதன் தள்ளி நின்று போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பட்டுச் சேலைய எடுத்துக் காட்டுங்களேன், பாக்கலாம்."

ராஜலக்ஷ்மி சால்வை நுனியை மடித்தார். "பாத்துட்டீங்களா?"

"எழுவது பவுண்ட் வரும்க்கா."

"புள்ள போன் பண்ணி அழுகுதுங்க தம்பி. மிக்ஸில அரைச்ச மாவுல இட்லி கல்லு மாதிரி வருதாம். வாய்க்கு வேற எதுவும் பிடிக்கலையாம். நான் என்ன பண்றது? சொன்னா நீங்க வேண்டாம்பீங்க."

"பின்னாடி ரூமுக்கு எரநூறு பவுண்ட்தான் லிமிட். இப்ப முந்நூறுக்கு மேல இருக்கு. வாலு கனமானா, மேல எழும்பும்போது மூக்கு தானா தூக்கிட்டே போகும். நான் எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. திருத்தறதுக்கு உயரமும் இருக்காது."

விசாலாக்ஷிதான் முதலில், "ஏங்க்கா, நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார்.

"நீ எப்படி சொன்ன? 'கல்ல தனியா சுத்தி வை, தெரியாது'ன்னுதான சொன்ன!"

குத்புதீனுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு வேறொன்றும் வந்தது. மூக்குத் தண்டை அவன் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு. ஒருவர்மேல் ஒருவருக்கு உள்ள பிரியத்தில், மகள் மேல் உள்ள பிரியத்தில், மரங்களின் உயரத்தைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தாளில் அவன் என்ன எழுதியிருப்பான்? நூற்றைம்பது.

"இன்னைக்கு எல்லாத்தையும் எடை போட்டுத்தான் ஏத்துவேன்" என்றான். "ஒவ்வொரு பெட்டியும். ஒவ்வொரு ஆளும்."

பெட்டிகளை இறக்கி ஒவ்வொன்றாக நிறுத்தார்கள். சுவாமிநாதன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே வந்து ஏறி நின்று, நூற்றெண்பத்திரண்டு என்று தானே படித்துச் சொல்லிவிட்டுப் போனார். விசாலாக்ஷி நூற்று முப்பத்தைந்து என்று சொல்லியிருந்தார். முள் நூற்று அறுபத்து மூன்றில் நின்றது.

"இந்த மெஷின் ரிப்பேருங்க தம்பி."

"சரிங்க்கா."

"கோட்டே இருவது பவுண்ட் இருக்கும்."

"இருக்கும்க்கா."

"எங்க வீட்டுக்காரர் கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. டயட்டுக்குன்னு ஜிம்ல பணம் கட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டு விசாலாக்ஷி காபி எடுக்கப் போனார்.

ராஜலக்ஷ்மி எழுந்திருக்கவில்லை.

"வாங்கக்கா."

"எனக்குத்தான் தெரியுமே. நூத்தி நாப்பது."

"தெரியும்க்கா. ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போங்க."

"மூணு வருஷமா கேக்காத ஆளு, இன்னைக்கு என்ன? கிரைண்டர் வெச்சதுக்குத் தண்டனையா?"

"தண்டனை இல்லக்கா. மூணு வருஷம் கேக்காம விட்டது என் தப்பு."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஏறினார். முள் போய் ஆடி நின்றது.

நூற்றுப் பதினேழு.

குத்புதீன் குனிந்து பார்த்தான். மெஷினைத் தரையில் சரிசெய்து வைத்து, தான் ஏறிப் பார்த்தான். அவன் எடை சரியாகவே காட்டியது. மறுபடி அவரை ஏறச் சொன்னான். நூற்றுப் பதினேழு. கோட்டோடும் சால்வையோடும். நான்கு மாதமாக அவரை அவன் பார்க்கவில்லை. குளிர்காலக் கோட்டுக்குள் ஆள் எவ்வளவு இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? சுவரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிர் இல்லை. உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அவருக்கு வாக்கிங் போறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றார் ராஜலக்ஷ்மி. "சந்தோசப்பட்டுக்கிட்டாரு. எங்கம்மாவும் இப்படித்தான் தம்பி. நல்லா சாப்பிடுவாங்க, ஆனா எளைச்சுக்கிட்டே வந்தாங்க. ஆறு மாசந்தான் இருந்தாங்க. டாக்டர் கிட்டப் போனா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். வளைகாப்பு முடியட்டும். அவ கைக்கு நான் வளையல் போட்டுர்றேன். திங்கக்கிழமை நானே சொல்லிர்றேன். அதுவரைக்கும் நூத்தி நாப்பதுன்னே எழுதிக்குங்க. அவரு அந்தத் தாளைப் படிப்பாரு."

அவன் தாளோடு மேசையில் உட்கார்ந்தான். நடு வரிசையில் இருபத்து மூன்று பவுண்ட் கூடுதலாக எழுதினால் விமானத்துக்கு ஒன்றும் ஆகாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு நாள்தான். தாய் ஒருத்தி கேட்கிறாள். ஜெயபிரகாஷும் ஒன்றும் கெட்டது நினைத்து எழுதவில்லை. விருந்தாளிகளை வருத்தப்படுத்தக்கூடாது என்றுதான் எழுதினான். சொல்லிக்கொடுத்தவனும் அதை நினைத்துத்தான் சொல்லிக்கொடுத்தான். இத்தனை வருடமாக, ஏறும் எடையைத்தான் மறைப்பார்கள் என்று எண்ணி அவன் பத்துப் பத்தாகக் கூட்டி வந்திருந்தான். குறைந்துபோனதை ஒருவர் மறைப்பார் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. முதல் நாளிலிருந்து நிற்க வைத்திருந்தால், அவர் கடைசியாக ஏறிய செப்டம்பரிலேயே தெரிந்திருக்கும்.

வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்ததாக அவன் சொல்வதில்லை. வேலை அப்போது நினைவுக்கே வரவில்லை என்றுதான் சொல்வான். நோன்பு திறக்க அந்த அம்மாள் அனுப்பும் எவர்சில்வர் தூக்குதான் நினைவுக்கு வந்ததாம். இனி அது வராது என்று.

117 என்று எழுதினான்.

ராஜலக்ஷ்மி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கள என் தம்பின்னு நெனச்சேன்" என்றார்.

"தம்பிதான்க்கா" என்று சொன்னான்.

சுவாமிநாதன் போனை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "என்னப்பா, கிரைண்டர் கடத்தல் கேஸா? கஸ்டம்ஸ்ல பிடிச்சிருந்தாக்கூட இவ்வளவு நேரம் ஆயிருக்காது" என்று சிரித்தபடி தாளை வாங்கினார். பேனாவைத் திறந்தார். தன் எண்ணைப் பார்த்தார். விசாலாக்ஷியின் எண்ணைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அடுத்த வரியில் கண் நின்றது.

"தப்பா எழுதிட்ட போல."

"இல்ல சார். ரெண்டு தடவ பாத்தேன்."

அவர் தாளைக் கீழே வைக்கவில்லை. மனைவி பக்கம் திரும்பவுமில்லை. அவருடைய மாமியார் கடைசி நாட்களில் கோபியில் கட்டிலில் கிடந்ததை அவரும் பார்த்திருக்கிறார். ஒரு விமானம் வெளியே இறங்கி, ஓடி, எஞ்சின் அடங்கும்வரை அப்படியே நின்றார்.

"ராஜி, எத்தன மாசமா?"

"தீவாளிக்கு முன்னாடி இருந்து."

"நான் எங்க இருந்தேன்?"

"டென்வர்ல. அப்புறம் சிகாகோல." பிறகு அவராகவே, "உங்க கிட்ட சொன்னா இப்பவே ஆஸ்பத்திரிக்குன்னு திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவீங்க. அவ அங்க காத்துட்டிருக்கா" என்றார்.

சுவாமிநாதன் கையெழுத்துப் போட்டார். மறுபடி போனை எடுத்து மருமகன் அகிலனைக் கூப்பிட்டார். "மாப்ள, தென்றல் பக்கத்துல இருக்காளா? இல்லையா, சரி. ஹூஸ்டன்ல நல்ல டாக்டர் ஒருத்தர் கிட்ட திங்கக்கிழமை காலைல அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க. அத்தைக்கு. தென்றல் கிட்ட இப்ப சொல்ல வேண்டாம். வளைகாப்பு நடக்கட்டும்." போனை மூடிவிட்டு மனைவியிடம், "திங்கக்கிழமை. நீ சொன்னபடியே" என்றார். "ஆனா அதுவரைக்கும் நீ தனியா தூக்கிட்டு வர வேண்டாம்."

அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் கொட்டகையிலேயே தங்கின. கிரைண்டரை மூக்குப் பக்கத்துச் சின்னச் சாமான் அறையில் வைத்து, கல்லைத் தனியாக அவன் இருக்கைக்குப் பின்னால் பட்டையால் இறுக்கிக் கட்டினான். மறுபடி கணக்குப் போட்டான். சரியாக வந்தது. மூக்குச் சக்கரத்தின் தண்டு பழைய இடத்துக்கு இறங்கியிருந்தது.

மேற்கே திரும்பி மேகத்துக்கு மேல் போனபிறகு அவன் ஒரு தடவை பின்னால் பார்த்தான். விசாலாக்ஷி தூங்கிவிட்டிருந்தார். ராஜலக்ஷ்மியின் கோட்டைச் சுவாமிநாதன் இருவர் மடியிலும் போர்த்தியிருந்தார். கோட்டுக்குக் கீழே அவர் கை மனைவியின் கையைப் பிடித்திருக்க வேண்டும். அது நடுங்குவது கோட்டின் மேலேயும் தெரிந்தது. அவன் திரும்பிக்கொண்டான். அதன்பிறகு பின்னால் பார்க்கவில்லை.

டென்னஸியில் பெட்ரோல் போட இறங்கினார்கள். அவன் இறக்கைக்கு அடியில் நின்று, பெட்ரோல் போடுகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் யாரோ வந்தது தெரிந்தது. ராஜலக்ஷ்மி ஒரு தூக்கை நீட்டினார்.

"தயிர் சாதம். உங்களோட நான் பேசறதா இல்ல. சாப்பிடுங்க."

அவன் வாங்கிக்கொண்டான். அவர் போகவில்லை. அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை அங்கேயே, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு தூக்கை வாங்கிக்கொண்டு போய் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை தென்றலின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல் போட்டார்கள். முதல் வளையலை ராஜலக்ஷ்மி போட்டார். "அம்மா, why are your hands shaking?" என்று தென்றல் கேட்டாள். "காபி குடிக்கலடி" என்றார். அன்று ராத்திரி கிரைண்டர் ஓடியது. திங்கட்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு டாக்டரிடம் போனார்கள்.

ராஜலக்ஷ்மி பயந்ததுபோல அது அவர் அம்மாவுக்கு வந்த நோய் இல்லை. கழுத்தில் உள்ள தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். மாத்திரையிலும் சிகிச்சையிலும் ஒரு வருடத்தில் குணமானது. இப்போது நூற்று நாற்பத்தெட்டு பவுண்ட் இருக்கிறார். கேட்டால் நூற்று நாற்பது என்கிறார்.

தென்றலுக்கு ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது, பெயர் ரோஷினி. கிரைண்டர் பேர்லேண்டில்தான் இருக்கிறது. விசாலாக்ஷி அதற்குப்பின் அந்த விமானத்தில் ஏறவே இல்லை. மெஷின் ரிப்பேர் என்றுதான் இன்றுவரை சொல்கிறார்.

சுவாமிநாதனின் தொழில் இரண்டாயிரத்தில் சரிந்தது. 2001 கோடையில் விமானத்தை விற்றுவிட்டார். எடைத் தாள்களை மட்டும் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார். குத்புதீனும் சுலைகாவும் ஹூஸ்டனுக்குக் குடிவந்துவிட்டார்கள். அவன் சரக்கு விமானம் ஓட்டுகிறான். பெட்டிகள் பொய் சொல்வதில்லை என்பதால் வேலை சுலபம் என்கிறான். ரமலானில் எவர்சில்வர் தூக்கு கூரியரில் வருகிறது.

வேலை மாறுவதற்கு முன், 2000 கோடையில், அவன் குபெர்டினோவுக்குப் போனான். நூற்றைம்பது என்ற எண் தான் சொல்லிக்கொடுத்தது என்று வள்ளியிடம் சொன்னான். வள்ளி கேட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து போய் காபி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். அவள் அங்கேயே வேலை பார்க்கிறாள். வருடத்துக்கு ஒரு தடவை சுலைகாவுக்குப் போன் செய்கிறாள்.